பரிணாமக் கொள்கையும் கிறிஸ்தவர் உள்ளமும்



கோலா தெர்லாவிலும் கம்போங் ராஜாவிலும் கோஸ் பயிரிடுகிறவர்களுக்கு ஒரு சிறு புழுவை நன்றாகத் தெரியும். இலையை ஓட்டை ஓட்டையாக அரித்துவிடும் பச்சைப் புழு அது. வளர்ந்து பூச்சியானதும், சிறகை மடக்கி உட்காரும்போது அதன் முதுகில் வைரம் பதித்தாற்போல ஒரு கோலம் தெரியும். ஆகவே வைரமுதுகு அந்துப்பூச்சி என்று விவசாயத் துறையினர் அதற்குப் பெயரிட்டார்கள். கேமரன் மலையில் பல பத்தாண்டுகளாக இந்தப் பூச்சியோடு போராட்டம் நடந்து வருகிறது. புதிதாக ஒரு மருந்து வரும். சில ஆண்டுகள் நன்றாக வேலை செய்யும். பிறகு எத்தனை முறை தெளித்தாலும் புழு சாகாது. "பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது" என்று சொல்லிக்கொள்வோம்.

உண்மையில் எந்தப் பூச்சியும் மருந்துக்குப் பழகுவதில்லை. நடப்பது வேறு. ஒரு பாத்தியில் ஆயிரம் புழுக்கள் இருந்தால் ஆயிரமும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஓரிரண்டின் உடம்பு பிறவியிலேயே அந்த நஞ்சைத் தாங்கும். மருந்து தெளித்ததும் மற்றவை மாண்டுபோக, அந்த ஓரிரண்டு மட்டும் எஞ்சி முட்டையிடும். குஞ்சுகளுக்கும் அந்தத் தன்மை வரும். சில வாரங்களுக்கு ஒரு தலைமுறை என்று பெருகும் பூச்சி அது. சில ஆண்டுகளில் தோட்டம் முழுவதும் மருந்தைத் தாங்கும் பூச்சிகளே நிறைந்துவிடும். 1950களின் தொடக்கத்திலேயே ஜாவா தீவில், டி.டி.டி. மருந்து இந்தப் பூச்சியிடம் பலிக்காமல் போனதைக் கண்டார்கள்.

இயற்கைத் தேர்வு என்பது இதுதான். பிறவியில் வேறுபாடு, பிழைப்பதில் வேறுபாடு, பிழைத்தது தன் தன்மையைப் பிள்ளைக்குக் கொடுத்தல் என்ற மூன்றும் சேர்ந்து, நீண்ட காலம் நடந்தால், ஓர் உயிரினம் மாறும். காலம் இன்னும் நீளுமானால் ஒன்று பலவாகப் பிரியும். பரிணாமக் கொள்கையின் சாரம் இவ்வளவே.

பூச்சியைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. கோவிலுக்குப் போகிறவரும் சர்ச்சுக்குப் போகிறவரும் தலையசைத்துக் கேட்பார்கள். அதே விளக்கத்தை மனிதனுக்குச் சொல்லும்போதுதான் சில கிறிஸ்தவர்களின் முகம் மாறுகிறது. வெறும் கருத்து வேற்றுமை போல அல்லாமல், தம்மையே யாரோ தொட்டுவிட்டது போல அவர்கள் உணர்கிறார்கள். அது ஏன்? இன்றைய உரையில் இதனைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். யாரையும் கேலி செய்வது நமது நோக்கம் அன்று. பக்கத்து வீட்டுக்காரரின் மனம் எதனால் நோகிறது என்று தெரிந்துகொள்வதும் கல்விதான்.

இந்தக் கொள்கைக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆல்பிரட் ரஸல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1854ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வந்து இறங்கினார். பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்பது அவருக்குத் தொழில். புக்கிட் தீமாவில் அவருக்குத் தங்க இடம் கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுக் கத்தோலிக்க மிஷனரி. பிறகு வாலஸ் மலாக்கா வந்தார். லேடாங் மலை ஏறினார். சரவாக் சென்று 1855இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு புதிய உயிரினமும், தன்னை நெருக்கமாக ஒத்த வேறோர் உயிரினம் முன்பே வாழ்ந்த இடத்திலும் காலத்திலும்தான் தோன்றுகிறது என்பது அதன் கருத்து. 1858இல் மொலுக்காஸ் தீவுகளில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதை எழுதி இங்கிலாந்திலிருந்த சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். டார்வினோ அதே முடிவுக்கு முன்பே வந்து, வெளியிடத் தயங்கி, இருபது ஆண்டுகளாகக் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்தவர். இருவர் எழுத்தும் 1858ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு, 1859 நவம்பர் 24ஆம் தேதி, உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்தது.

இனி, மனம் நோவதற்கான காரணங்களுக்கு வருவோம்.

முதலாவது காரணம் வேதாகமம். எத்தனையோ தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் வீட்டில் இருந்த முதல் புத்தகமே வேதாகமந்தான். பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்த புத்தகம் அது. திருமணம், ஞானஸ்நானம், மரணம் எல்லாவற்றுக்கும் அதுவே துணை. அதன் முதல் பகுதி ஆதியாகமம். கத்தோலிக்கர் அதனைத் தொடக்கநூல் என்பர். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார், மண்ணால் மனிதனை உருவாக்கி அவனுக்கு உயிர் மூச்சைத் தந்தார் என்று அதில் வருகிறது. அயர்லாந்து நாட்டுப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட தமது நூலில், வேதத்தில் உள்ள வயதுகளைக் கூட்டி, உலகம் கிறிஸ்துவுக்கு முன் 4004இல் படைக்கப்பட்டது என்று கணக்கிட்டார். விஞ்ஞானிகள் கூறும் பூமியின் வயதோ சுமார் 454 கோடி ஆண்டுகள். நாம் குடியிருக்கும் இந்த மலைத்தொடரின் கருங்கல்லே ஏறத்தாழ 20 கோடி ஆண்டுப் பழமை உடையது. "முதல் பக்கம் பொய் என்றால் கடைசிப் பக்கத்தை எப்படி நம்புவது? இறந்துபோன என் குழந்தையை மறுபடி காண்பேன் என்பதும் அதே புத்தகத்தில்தானே இருக்கிறது?" என்று ஒரு தாய் கேட்டால், அது அறியாமையில் எழுந்த கேள்வி அன்று. அவளுடைய ஆறுதல் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது காரணம் ஆதாம். ஆதாமின் கீழ்ப்படியாமையால் பாவமும் மரணமும் உலகில் வந்தன, கிறிஸ்துவின் கீழ்ப்படிதலால் மீட்பு வந்தது என்று பவுல் அப்போஸ்தலர் போதித்தார். ஒரு தராசின் இரு தட்டுகள் போல இரண்டும் நிற்கின்றன. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உயிர்கள் பிறந்தும் இறந்தும் வந்தன என்றால், மரணம் பாவத்தின் சம்பளம் என்பது எப்படிப் பொருந்தும்? மனித குலம் ஒரே ஓர் இணையிலிருந்து அன்றி, பல்லாயிரம் பேர் கொண்ட ஒரு கூட்டத்திலிருந்து வந்தது என்றே மரபணு ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். கருத்து மெய்யாகவே மோதும் இடம் இதுதான். இதை மூடி மறைப்பதில் பயனில்லை.

மூன்றாவது காரணம் மானம். இதனைத் தமிழர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும்.

திருவிதாங்கூர் அரசின் தென் பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம், நாடார் குலப் பெண்கள் மேல்சாதியார் முன்னிலையில் மார்பை மறைத்து உடுத்தக் கூடாது என்ற கொடிய வழக்கம் இருந்தது. கிறிஸ்தவ சமயத்தில் சேர்ந்த பெண்கள் ரவிக்கை அணியத் தொடங்கினார்கள். அதற்காக அவர்கள் அடிபட்டார்கள். தெருவில் ஆடை கிழிக்கப்பட்டது. கோயில்களும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. பல பத்தாண்டுகள் நீடித்த இந்தப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26ஆம் தேதி, நாடார் பெண்கள் இந்துவாயினும் கிறிஸ்தவராயினும் மேலாடை அணியலாம் என்று மகாராஜா அறிக்கை விடுத்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆண்டைக் கவனியுங்கள், நேயர்களே. அதே 1859. அறிக்கை வெளிவந்த நான்காம் மாதம் லண்டனில் டார்வின் நூல் வெளிவந்தது.

மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்ற போதனை அந்தப் பெண்களுக்கு வெறும் தத்துவமாக இருந்திருக்க முடியாது. தோளில் கிடந்த துணிக்கு அது நியாயம் சொன்னது. பிறப்பால் நீ தாழ்ந்தவன் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் முதன்முதலாக, "நீ கடவுளின் சாயல்" என்ற சொல்லைக் கேட்டார்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் சர்ச்சை நாடியதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம். அப்படிப்பட்ட குடும்பத்தின் பேரப்பிள்ளையிடம் ஒருவர் வந்து, "நீ குரங்கிலிருந்து வந்தவன்" என்று சிரித்தால், அவன் காதில் அது விஞ்ஞானமாக விழாது; பழைய ஏச்சாகவே விழும். பாடுபட்டுப் பெற்ற மானத்தை யாரோ திரும்பப் பறிக்க வந்தாற்போலத் தோன்றும்.

அந்த அச்சத்துக்கு ஆதாரமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் சிலர் பரிணாமத்தின் பெயரைச் சொல்லி மனித இனங்களை மேல், கீழ் என்று அடுக்கினார்கள். வெள்ளையர் உச்சியில், நம்மைப் போன்றவர்கள் கீழே.

நான்காவது காரணமும் இதனோடு ஒட்டியதே. தக்கது தப்பிப் பிழைக்கும் என்ற வாசகத்தை 1864இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். பலர் அதனை, வலியவன் எளியவனை நசுக்குவதே இயற்கை நீதி என்று பொருள் செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் என்ற தலைவர் இருந்தார். விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் பேசியவர். மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர். 1925இல் டென்னஸி மாநிலம், மனிதன் கீழான உயிரிலிருந்து வந்தான் என்று அரசாங்கப் பள்ளிகளில் கற்பிக்கத் தடை விதித்தது. ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் அந்தச் சட்டத்தை மீறியதாக வழக்கு நடந்தது. அதில் பிரையன் சட்டத்தின் பக்கம் நின்றார். வேதாகமத்தின்மேல் அவருக்கிருந்த பற்று ஒரு காரணம். முதலாம் உலகப் போரின் அழிவைக் கண்டபின், வலியவன் வெல்லும் என்ற போதனை மனிதரின் இரக்கத்தைக் கொன்றுவிடும் என்று அவர் அஞ்சியது மற்றொரு காரணம். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, 1927இல் மேல் நீதிமன்றத்தில் ரத்தாயிற்று. சட்டம் 1967 வரை இருந்தது. பிரையன் வழக்கு முடிந்த சில நாட்களிலேயே இறந்துபோனார்.

ஐந்தாவது காரணம் குடும்பம். இதற்கு டார்வினின் வீட்டையே சான்றாகக் கூறலாம். அவர் மனைவி எம்மா பக்தியுள்ள பெண்மணி. கணவரின் ஐயங்களை அறிந்த அவர், 1839இல் திருமணமான புதிதில் ஒரு கடிதம் எழுதினார். மறுமையில் நாம் இருவரும் பிரிந்துவிடுவோமோ என்ற ஏக்கம் அதில் இருந்தது. டார்வின் அந்தக் கடிதத்தைச் சாகும்வரை பத்திரப்படுத்தினார். பலமுறை அதை முத்தமிட்டுக் கண்ணீர் விட்டதாக அதன்மேல் குறித்தும் வைத்தார். அவர்களுடைய மகள் ஆனி 1851இல் பத்து வயதில் நோயால் இறந்தாள். அந்தத் துயரமும் அவருடைய நம்பிக்கையைத் தளர்த்தியது என்று கருதுவோர் உண்டு. இருந்தும் டார்வினும் எம்மாவும் 43 ஆண்டுகள் அன்போடு வாழ்ந்தார்கள். ஊர்ப் பாதிரியாரோடு டார்வின் நட்பாக இருந்தார்; ஊர் நற்பணிகளுக்கு உதவினார்.

நம்பிக்கை மாறினால் உறவு அறுந்துவிடுமோ என்ற பயம் அன்று அந்தப் பெரிய வீட்டில் இருந்தது. இன்று கல்லூரிக்குப் போன மகனைப் பார்த்து நம் வீடுகளிலும் அதே பயம் எழுகிறது. "கோயிலை விட்டுவிட்டால் எங்களையும் விட்டுவிடுவானோ?" என்பதே பல பெற்றோரின் சொல்லாத கேள்வி.

காரணங்களைக் கண்டோம். இவற்றுக்கு விடைகள் உண்டா? சிலவற்றுக்கு உண்டு. சிலவற்றில் கிறிஸ்தவர்களே ஒருமனப்படவில்லை.

குரங்கைப் பற்றிய ஏச்சு முதலாவதாகத் தவறான செய்தி. இன்றிருக்கும் எந்தக் குரங்கும் நமக்குப் பாட்டன் அன்று. பெரியப்பா பிள்ளைக்கும் சித்தப்பா பிள்ளைக்கும் ஒரே தாத்தா. அதனால் ஒருவர் மற்றவருக்குத் தாத்தா ஆகிவிட முடியுமா? சிம்பன்சிக்கும் மனிதனுக்கும் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது என்பதே விஞ்ஞானிகள் கூற்று.

இனங்களை அடுக்கியவர்களின் வாதத்தையும் விஞ்ஞானமே தகர்த்தது. மனிதர் அனைவரும் ஒரே இனம் என்று டார்வின் 1871இல் எழுதினார். அடிமை முறையை அவர் வெறுத்தார். உலகில் எந்த இரு மனிதரை எடுத்தாலும் அவர்களுடைய மரபணு எழுத்துகளில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றே வேறுபடும் என்று இன்று அறிகிறோம். தோட்ட முதலாளியும் கொழுந்து பறிப்பவரும் காட்டில் வாழும் செமாய் மக்களும் ஒரே குடும்பம். தக்கது என்பதற்கு வலியது என்று பொருளும் இல்லை. மருந்துக்குத் தப்பிய பூச்சி மற்றப் பூச்சிகளைவிடப் பலசாலி அன்று. அந்த நஞ்சைத் தாங்கியது, அவ்வளவே. இயற்கையில் நடப்பதெல்லாம் மனிதன் பின்பற்ற வேண்டிய நீதியும் ஆகாது. காய்ச்சல் இயற்கைதான், அதற்காக மருந்து கொடுக்காமல் இருக்கிறோமா?

மானத்தைப் பற்றி மற்றொன்றும் சொல்லலாம். வேதாகமம் மனிதனைப் பொன்னால் செய்ததாகச் சொல்லவில்லை. மண்ணால் செய்ததாகவே சொல்லுகிறது. மண்ணிலிருந்து வந்தவன் என்பதால் மனிதனின் மதிப்பு குறையவில்லை என்றால், வேறோர் உயிரின் வழியாக வந்ததாலும் குறைய வேண்டியதில்லை. பிறந்த இடத்தையும் குலத்தையும் வைத்து மனிதனை மதிக்கக் கூடாது என்று பாடுபட்டவர்கள் நம் முன்னோர். அந்த நியாயம் மனித குலம் முழுமைக்கும் பொருந்தும் அல்லவா?

"மண் என்பது பிரச்சினை இல்லை, கடவுள் தம் கையால் செய்தார் என்பதுதான் முக்கியம்" என்று ஒரு விசுவாசி பதில் சொல்லக்கூடும். அது நியாயமான பதில். இதற்குக் கிறிஸ்தவர்களே பல விடைகள் கூறியிருக்கிறார்கள். டார்வின் நூல் வெளிவரும் தறுவாயிலேயே, சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் அவருக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்யும் கடவுளைவிட, தாமே வளரும் ஆற்றலோடு உயிர்களைப் படைத்த கடவுள் பெருமையில் குறைந்தவர் அல்லர் என்பது அவர் கருத்து. அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஏசா கிரே டார்வினின் நண்பர், பக்தியுள்ள கிறிஸ்தவர். பெற்றோர் தன்மை பிள்ளைக்கு வரும் விதிகளைப் பட்டாணிச் செடியில் கண்டறிந்து 1866இல் வெளியிட்ட கிரெகோர் மெண்டல் ஒரு துறவி. வாலஸும் பிற்காலத்தில், உடல் இயற்கைத் தேர்வால் வந்தாலும் மனிதனின் அறிவை விளக்க அது போதாது, அதற்கு மேலான ஓர் ஆற்றல் வேண்டும் என்று எழுதினார். டார்வின் அதை ஏற்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் போப்பாண்டவர் 12ஆம் பத்திநாதர் 1950இல் வழி காட்டினார். மனித உடலின் தோற்றம் பற்றி ஆராயலாம். ஆன்மாவோ கடவுளால் நேரே படைக்கப்படுவது என்றார். ஆனால் ஆதாம் என்பது ஒருவரன்றிப் பலர் என்ற கருத்தை ஏற்பது கடினம் என்றும் எச்சரித்தார். 1996இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், பரிணாமத்தை வெறும் ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாது என்று கூறினார். 2014இல் போப்பாண்டவர் பிரான்சிஸ், படைப்பும் பரிணாமமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்றார். சீர்திருத்தச் சபைகளில் கருத்து பலவகை. ஆறு நாள் என்பதை எழுத்துக்கு எழுத்து ஏற்போர் உண்டு. அந்த நாள் என்பது நீண்ட யுகம் என்போர் உண்டு. யார் படைத்தார், ஏன் படைத்தார் என்று சொல்வதே ஆதியாகமத்தின் நோக்கம், எப்படி என்பது அன்று எனக் கருதுவோரும் உண்டு. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புனித அகஸ்தீன், இயற்கையைப் பற்றி அறிந்தவர்கள் முன்னிலையில் வேதத்தின் பெயரால் தவறானதைச் சாதிப்பது வேதத்துக்கே இழுக்கு என்று எச்சரித்திருக்கிறார்.

எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டதா என்றால், இல்லை. ஆதாமைப் பற்றிய கேள்வியும், அன்புள்ள கடவுள் இத்தனை மரணத்தின் வழியாக ஏன் படைக்க வேண்டும் என்ற கேள்வியும் இன்னும் கிறிஸ்தவ அறிஞர்களை வருத்துகின்றன. பூச்சிகளையும் எலும்புகளையும் பாறைகளையும் ஆராய்ந்து விஞ்ஞானம் உறுதியாகச் சொல்வதை, மனம் நோகிறது என்பதற்காக மாற்றிச் சொல்ல முடியாது. நைல் நதி முதல் நியா குகை வரை மண்ணுக்குள் கிடப்பது அங்கேயே கிடக்கும். சரவாக்கின் நியா குகையில் 1958இல் கிடைத்த மண்டையோடு சுமார் 40,000 ஆண்டுப் பழமை வாய்ந்தது. பேராவின் லெங்கோங் பள்ளத்தாக்கில் கண்டெடுத்த மனித எலும்புக்கூடு 10,000 ஆண்டுக்கும் மேற்பட்டது. ஆயினும், ஒரு தாயின் கண்ணீருக்குப் பொருள் உண்டா, ஏழைக்கு நீதி செய்ய வேண்டுமா என்ற கேள்விகளுக்கு மண்டையோட்டை அளந்து விடை காண முடியாது.

பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நாம் குரங்கிலிருந்தா வந்தோம்?" என்று கேட்பார்கள். அப்போது அடித்து வாயை மூட வேண்டாம். "உன் வாத்தியார் பாவி" என்றும் சொல்ல வேண்டாம். பாடத்தில் இருப்பதைப் பிள்ளை நன்றாகப் படிக்கட்டும். நம் வீட்டு நம்பிக்கை இன்னது, அதை நாம் பற்றிக்கொண்டிருப்பது இதனால் என்று அன்போடு சொல்லுங்கள். தெரியாததைக் குருவானவரிடமோ ஆசிரியரிடமோ சேர்ந்து போய்க் கேளுங்கள். புத்தகமா, வீடா என்று பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டில் ஒன்றை அது இழக்கும்.

கிறிஸ்தவர் அல்லாத நேயர்களுக்கும், படித்த இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் இந்தப் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தால், அவரை மூடர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் காப்பாற்ற நினைப்பது பெரும்பாலும் மூன்று: செத்தவரைப் பற்றிய ஆறுதல், எளியவனுக்கும் உண்டு என்று கேட்ட மானம், கூடி வாழும் குடும்பம். இவற்றை மதித்துக்கொண்டே விஞ்ஞானத்தைச் சொல்லலாம். கேலியோடு சொன்ன உண்மை காதோடு நின்றுவிடும்.